மாவு ஆலையும் நச்சுப் புகையும்

தானியத்தைப் பூச்சிக்குக் கொடாமல் காப்பதற்கு இடும் மருந்து, உண்பவருக்கே தீங்காகுமானால் சர்க்கார் தலையிடுவது முறையே. அவ்வாறு விதிக்கும் தடையால் அரவை ஆலைகளில் நேரும் மாறுதல்களை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அநுபவத்தைக் கொண்டு அங்கத்தினர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

மாவு ஆலையின் உருளைகள், சல்லடைகள், குழாய்கள் ஆகியவற்றின் இடுக்குகளில் தங்கும் மாவில் வண்டுகள் பெருகும். இவற்றை ஒழிக்க, எத்திலீன் டைபுரோமைடு என்னும் திரவத்தை அந்நாட்டார் இயந்திரங்களுக்குள் இட்டு வந்தனர். சேமித்த தானியத்துக்கும் அதனை உபயோகித்தனர். அதன் ஆவி முழுதும் அகன்றுவிடும், எச்சம் நில்லாது என்று நம்பியிருந்தனர்.

ஆனால் அது விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது சோதனைகளில் தெரிந்தது. 1983-ஆம் ஆண்டு இறுதியில் புளோரிடா மாநிலத்தில் கடைச் சரக்குகளிலேயே அதன் எச்சம் காணப்பட்டு, பல பண்டங்கள் விற்பனையினின்று நீக்கப்பட்டன. 1984 பிப்ரவரியில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தானியத்துக்கு அதனை உபயோகிப்பதை நிறுத்தியது. முன்பே மருந்திட்ட சரக்குக்கு எச்ச வரம்புகளையும் அறிவித்தது: 100 கோடிப் பங்கில், முழுத் தானியத்துக்கு 900 பங்கு, மாவு முதலியவற்றுக்கு 150, உடனே உண்ணத்தக்க பண்டங்களுக்கு 30. அரவையிலும் வேகவைப்பதிலும் எச்சம் குறையும் என்பதே இப்படிநிலைகளின் கருத்து.

தடையினால் வண்டு ஒழிந்துவிடவில்லை. ஆலைகள் மெத்தில் புரோமைடு வாயுவைப் பெரிதும் நாடின. அதுவோ வானத்து ஓசோன் படலத்தைக் கெடுப்பதாயிற்று. ஆகவே, 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ், சில விலக்குகள் நீங்கலாக, முன்னேறிய நாடுகள் 2005-க்குள்ளும், ஏனைய நாடுகள் 2015-க்குள்ளும் அதனைக் கைவிட வேண்டியதாயிற்று. பாஸ்பீன் வாயு தானியக் கிடங்குக்கு ஏற்றது; எனினும் அது வேலை செய்யப் பல நாட்கள் ஆகும்; செம்பை அரிப்பதால் ஆலையின் மின்சாரக் கம்பிகளுக்கும் கருவிகளுக்கும் கேடு. எனவே சில ஆலைகள் கட்டிடத்தையே 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் பல மணி நேரம் சூடாக்கி வண்டைக் கொல்கின்றன. இதற்கு எரிபொருட் செலவு மிகுதி. ஆயினும் மாவில் நச்சு எச்சம் இல்லை.

ஒரு மருந்து விலக்கப்படுந்தோறும் ஆலையின் செலவும் கவலையும் ஏறுகின்றன. அச்செலவைக் குறைக்கும் வழி, மருந்தின் தேவையையே குறைப்பதாகும். தானியத்தை ஈரம் 12 சதவீதத்துக்கு மேற்படாதபடி உலர்த்துதல், பழைய சரக்கோடு புதியதைக் கலவாதிருத்தல், கிடங்கின் மூலை முடுக்குகளில் சிந்தியதைக் கூட்டி அகற்றுதல், சாக்குகளை வெயிலில் காயவைத்தல் ஆகியவை சங்கங்கள் ஒன்றுகூடி எளிதில் செய்யத்தக்கவை. எந்தச் சட்டமும் இவற்றைத் தடுப்பதில்லை. எந்தத் தடையாலும் இவை பயனற்றுப் போவதுமில்லை.