கிளிநொச்சி வீட்டில் எத்தனை பேர் தங்கலாம்?

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்டில் வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறவர்கள் ஊருக்கு வரும் காலம் இது. வன்னியில் பூட்டிக் கிடக்கும் வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் என்ன என்ற யோசனையும் அப்போதுதான் வரும்.

அவர்கள் வாழும் நகரங்களில் இரவைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்துகிறார்கள். முழு வீட்டையும் விடுவதானால் லண்டனில் ஆண்டுக்கு 90 இரவு, ரொறன்ரோவில் 180. நியூயோர்க்கில் 2023 செப்டெம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவான தங்கலுக்கு வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. குடியிருக்க வீடில்லாத நகரங்களின் கவலை அது. ஆளில்லாத வீடுகள் நிற்கும் வன்னிக்கு அது பொருந்தாது.

இங்கே இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு. அடுத்தது உள்ளூராட்சி சபை. கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள்ளும், முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்குள்ளும் வருகின்றன. ‘ஹோம்ஸ்டே’ என்று பதிவதானால் வீட்டுக்காரர் அங்கே குடியிருக்க வேண்டும். சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டு லண்டனில் இருப்பவரின் வீடு அந்த வகைக்குள் வராது.

ஆள் எண்ணிக்கையை, என்னைக் கேட்டால், கட்டிலை வைத்துக் கணக்கிடக் கூடாது. கிணற்றையும் மலசலகூடக் குழியையும் வைத்தே கணக்கிட வேண்டும். போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. ஒரு குடும்பத்துக்கென்று கட்டியவை. அதில் பாய் விரித்து எட்டுப் பேரைப் படுக்க வைக்கலாம்தான். ஆனால் விடியற்காலையில் எட்டுப் பேரும் குளிக்கப் போனால்? மாரி மழை ஐப்பசியில்தான் தொடங்கும். விருந்தினர் வரும் ஓகஸ்டிலோ கிணறு அடிமட்டத்தில் கிடக்கும். சின்ன வளவென்றால் குழி நிரம்பிக் கசிவது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும்.

தங்குபவர்களின் அடையாள அட்டை, கடவுச்சீட்டு விபரத்தை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. ஆட்பதிவு, அனுமதி என்றாலே இங்கே பழைய பயம் உண்டு: 2014 ஒக்டோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றார்கள், அது நீங்கியது 2015 ஜனவரியில். அந்த நினைவுக்காகக் கொப்பியை விட்டுவிட முடியாது.

கட்டில் வாங்குவதற்கு முன் சபைக்குப் போய்க் கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) வளவுக்குக் கூப்பிட்டுக் கிணற்றையும் குழியையும் காட்டி, எத்தனை பேருக்குத் தாங்கும் என்று விசாரித்த பிறகு விளம்பரம் போடலாம்.