இல்லத்தில் கம்பியில்லா இணையம்: தேர்வதும் அமைப்பதும்

முன்னாளில் ஒரு வீட்டிற்கு வானொலிப் பெட்டி வந்தபோது, அதனை எங்கே வைப்பது, யார் திருப்புவது, எந்நேரம் கேட்பது என்பவற்றைக் குடும்பமே கூடி முடிவு செய்தது. இன்று அதனினும் ஆற்றல் மிக்க ஒரு சிறு பெட்டி நம் இல்லங்களில் இடம்பெற்றுள்ளது. இணையத்தை அறைதோறும் கம்பியின்றிப் பரப்பும் அதனை ரூட்டர் என்கிறோம். 'திசைவி' என அதற்குத் தமிழ்ப் பெயரும் உண்டு. 'வைஃபை பெட்டி' என்றால் வீட்டிலுள்ள சிறுவனுக்கும் விளங்கும்.

ஆயினும், வானொலிக்கு அன்று அளித்த கவனத்தை இப்பெட்டிக்கு நாம் அளிப்பதில்லை. இணைப்புத் தர வரும் பணியாளர், எங்கே ஆணியடிக்க எளிதோ அங்கே மாட்டிவிட்டு, கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் தந்து செல்கிறார். அத்துடன் வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். பிள்ளைகளின் பாடமும், வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தையின் குரலும், நம் வங்கிக் கணக்கும் இதன் வழியாகவே வந்து போகின்றன. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் ஞாயிறு திருப்பலியே இவ்வழியாகத்தான் பல இல்லங்களை எட்டியது. நல்லதும் தீயதும் நுழையும் இவ்வாயிலை எவ்வாறு தேர்ந்து, எவ்வாறு அமைத்துக் காப்பது என்பதை இங்கே காண்போம்.

அலையும் சுவரும்

கம்பியில்லா அலைகள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1895-இல் நடத்திய சோதனையில், கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகள் சுவர்களைக் கடந்து சென்று மணியை ஒலிக்கச் செய்தன. அவர் மாணவராகப் பயின்ற தூய சவேரியார் கல்லூரியில் அறிவியல் ஆர்வத்தை ஊட்டியவர் இயேசு சபைக் குருவாகிய லாபோன் அடிகளார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. திருச்சபையும் இவ்வலைகளை அஞ்சி ஒதுக்கவில்லை. 1931-ஆம் ஆண்டு பெப்ருவரி 12-ஆம் நாள், மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் தொடங்கி வைத்தார்.

நம் வீட்டுப் பெட்டியும் ஒரு சிறு வானொலி நிலையமே. அது பெரும்பாலும் இருவகை அலைகளைப் பயன்படுத்துகிறது. ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை. இதன் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். மற்றொன்று 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை. இதன் நீளம் அதில் ஏறத்தாழ பாதி. முன்னது மெதுவானது, ஆனால் சுவர்களை ஓரளவு எளிதில் ஊடுருவி நெடுந்தொலைவு செல்லும். பின்னது விரைவானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். எனவே, 'வேகம் வேண்டுமாயின் அருகிலிருந்து 5, தொலைவாயின் 2.4' என்பதை நினைவில் வைத்தல் நலம்.

நம் ஊர் வீடுகளின் செங்கல் சுவர்கள் பெரும்பாலும் 9 அங்குலக் கனமுடையவை. மேல்தளமோ இரும்புக் கம்பிகள் பின்னிய கான்கிரீட். அட்டைத் தடுப்புகளால் அறை பிரிக்கும் மேலைநாட்டு வீடுகளில் ஒரு பெட்டி ஆற்றும் பணியை, இங்கும் அது அவ்வாறே ஆற்றும் என எதிர்பார்த்தல் தவறு. 'இத்தனை ஆயிரம் சதுர அடிக்குப் போதும்' என அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பலாகாது.

எதனை வாங்குவது?

வாங்குமுன், வீட்டில் ஏற்கனவே இருப்பதைப் பாருங்கள். ஒளியிழை இணைப்புள்ள இல்லங்களில், ஒளியை மின்குறிப்பாக மாற்றும் ஓ.என்.டி. என்னும் கருவி இருக்கும். பல கருவிகளில் வைஃபையும் உள்ளடங்கியே வருகிறது. இரண்டு அறைகள் கொண்ட சிறு வீட்டிற்கு அதுவே போதுமானது. அதனைத் தக்க இடத்திற்கு மாற்றினாலே குறை நீங்குமாயின் வீண்செலவு எதற்கு?

புதிதாக வாங்குவதென்றால் முதலில் காண வேண்டியது தலைமுறை எண். 2018-ஆம் ஆண்டு முதல் இக்கருவிகளுக்கு எளிய எண்கள் இடப்பட்டுள்ளன. வைஃபை 4 என்பது 2009-ஆம் ஆண்டின் தரம். வைஃபை 5 என்பது 2013-ஆம் ஆண்டினது. வைஃபை 6 கருவிகளுக்கு 2019-இலும், வைஃபை 7 கருவிகளுக்கு 2024-இலும் சான்று வழங்குதல் தொடங்கியது. பல கைப்பேசிகள் ஒரே நேரத்தில் இயங்கும் குடும்பத்திற்கு வைஃபை 6 பொருத்தமானது. அதற்கு மேற்பட்டதை நாடி மிகுபொருள் செலவிட, நடுத்தரக் குடும்பத்திற்குத் தேவை அரிது. வீட்டிலுள்ள கைப்பேசிகள் பழையனவாயின், புதிய பெட்டியின் முழுத் திறனும் அவற்றிற்குக் கிட்டாது.

அடுத்து, பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடும் எண்ணைப் பற்றி எச்சரிக்கை தேவை. 'ஏ.சி.1200' என்றால் நொடிக்கு 1200 மெகாபிட் நம் கைக்கு வரும் என எண்ணுவோர் உளர். அது 2.4 அலையின் 300-ஐயும் 5 அலையின் 867-ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிச் சொன்னது. 'ஏ.எக்ஸ்.1500' என்பதும் 300-உம் 1201-உம் சேர்ந்ததே. இரு தொகையையும் எந்த ஒரு கைப்பேசியும் ஒருங்கே பெறுவதில்லை. அவையும் ஏட்டளவிலான உச்சங்களே. நடைமுறையில் பாதி கிடைத்தால் நன்று.

பின்புறத்துக் கம்பித் துளைகளையும் காண்க. நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே ஏற்கும் துளையுள்ள மலிவுப் பெட்டியை வாங்கி, மாதந்தோறும் 300 மெகாபிட் இணைப்புக்குப் பணம் கட்டுவோர், மிகுதி 200-ஐ வீணே இழக்கின்றனர். 'கிகாபிட்' என்னும் சொல் துளைகளுக்கு உரியதாக உள்ளதா எனக் கடைக்காரரைக் கேட்டறிக. தெளிவான ஒரு திரைப்படத்திற்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டும், மிக நுண்ணிய 4-கே காட்சிக்கு ஏறத்தாழ 25 மெகாபிட்டும் போதும் என்பதையும் அறிந்தால், எவ்வளவு வேகத்திற்குப் பணம் செலுத்துவது என்பதிலும் தெளிவு பிறக்கும்.

மாடி வீட்டினர்க்கு மற்றொரு வழி. நலிந்த அலையை வாங்கித் திரும்ப வீசும் சிறு கருவி மலிவானது; ஆனால், பெரும்பாலும் வேகத்தைப் பாதியாக்கிவிடும். அதனினும், கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு ஒரு லேன் கம்பி இழுத்து, அங்கே இரண்டாவது பெட்டியை வைப்பதே நிலையான தீர்வு. கேட் 5-ஈ அல்லது கேட் 6 வகைக் கம்பி 100 மீட்டர் வரை குறைவின்றிச் செயல்படும். புதுமனை கட்டுவோர் மின்கம்பிக் குழாய் பதிக்கும்போதே இதற்கும் ஒரு குழாய் பதித்துவிடுவது அறிவுடைமை.

எங்கே வைப்பது?

விளக்கை மறைத்து வைப்பதில்லை, தண்டின்மேல் வைக்கிறோம். நற்செய்தியின் அவ்வுவமை இப்பெட்டிக்கும் பொருந்தும். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் அது இருத்தல் வேண்டும். இரும்பு பீரோவின் பின்னும், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னும், நிலைக்கண்ணாடி அருகிலும் வைக்கலாகாது. தண்ணீர் நிறைந்த தொட்டி அலையை விழுங்கிவிடும். மைக்ரோவேவ் அடுப்பு அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டி இயங்குவதால், சமையலறைப் பக்கமும் ஏற்றதன்று. கொம்புகள் நேராக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும்; மாடிக்கும் எட்ட வேண்டுமாயின் ஒரு கொம்பைச் சாய்த்து வைக்கலாம்.

நடுக்கூடம் ஏற்றதென்பதற்கு அறிவியலுக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. பெட்டி பிள்ளைகளின் படுக்கையறையில் இருந்தால், இணையமும் அவ்வறைக்கே உரியதாகிவிடும். கூடத்தில் இருப்பது குடும்பம் முழுவதற்கும் பொதுவானது.

இவ்வலைகளால் உடலுக்குத் தீங்கு நேருமோ எனத் தாய்மார் சிலர் வினவுகின்றனர். இவை எக்ஸ் கதிரைப் போன்று அணுக்களைச் சிதைக்கும் ஆற்றலற்றவை. இவற்றின் நலிந்த அலைகளால் தீங்கு நேர்வதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2006-இல் அறிவித்தது. 2011-இல் அதன் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, கைப்பேசிப் பயன்பாடு பற்றிய ஆய்வுகளைக் கொண்டு, வானொலி அலைகளைத் 'தீங்கு செய்யக்கூடும்' என்னும் ஐயப் பட்டியலில் சேர்த்தது உண்மை. அங்கே கருதப்பட்டது காதோடு ஒட்டிய கருவியே. தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகிவிடுகிறது. கட்டில் தலைமாட்டில் வைக்காதிருப்பதே போதிய முன்கருதல்.

பூட்டும் சாவியும்

2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. வெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. காவல் துறையினர் அதன் தடத்தைப் பின்பற்றியபோது, நவி மும்பையில் வாழ்ந்த ஒரு வெளிநாட்டவரின் வீட்டைச் சென்றடைந்தனர். அவரோ ஏதுமறியாதவர். காப்பற்றிருந்த அவரது கம்பியில்லா இணைப்பை அயலார் பயன்படுத்தியிருந்தனர். அம்மனிதர் அடைந்த அலைச்சலும் அவமானமும் நமக்குப் பாடமாகட்டும். நம் அலை நம் மதிலோடு நிற்பதில்லை, தெருவிலும் வீசுகிறது.

ஆதலின், அமைக்கும்போது செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துவோம்.

1. ஓ.என்.டி.யின் லேன் துளையிலிருந்து வரும் கம்பியைப் புதிய பெட்டியின் 'வேன்' என எழுதிய துளையில் செருகுக. அது பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும்.

2. பெட்டியின் அடிப்புறத்தில் ஒட்டியுள்ள தாளில் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அவற்றால் கைப்பேசியை இணைத்து, அத்தாளிலுள்ள முகவரியைத் திறக்க. 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது வழக்கம்.

3. முதற்கண் மேலாளர் கடவுச்சொல்லை மாற்றுக. இது வைஃபை கடவுச்சொல்லினின்று வேறானது. தொழிற்சாலையில் இட்ட சொல்லை மாற்றாததன் விளைவை 2016-இல் உலகம் கண்டது. 'மிராய்' என்னும் தீநிரல் ஏறத்தாழ 60 வழக்கமான கடவுச்சொற்களை முயன்றே, இலட்சக்கணக்கான ரூட்டர்களையும் காமிராக்களையும் கைப்பற்றியது.

4. ஓ.என்.டி.யே இணைப்பைத் தொடுத்துத் தருமாயின், புதிய பெட்டியை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் அமைத்தல் எளிது. இல்லையேல், இணைப்பு நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் 'பி.பி.பி.ஓ.ஈ.' என்னும் பகுதியில் இடுக.

5. காப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.3-ஐத் தேர்க, பழைய கைப்பேசி அதனை ஏற்காவிடில் டபிள்யூ.பி.ஏ.2-ஐத் தேர்க. டபிள்யூ.ஈ.பி. என்னும் பழைய முறை 2001-ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது.

6. வைஃபை பெயரில் குடும்பப் பெயரோ கதவிலக்கமோ வேண்டா. கடவுச்சொல் 8 எழுத்திற்குக் குறையலாகாது; 63 வரை இடலாம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் எவரும் ஊகிக்கத்தக்கவை. தொடர்பற்ற நான்கு சொற்களைச் சேர்த்தால் மறவாது; ஊகிக்கவும் அரிது.

7. 'டபிள்யூ.பி.எஸ்.' வசதியை நிறுத்துக. அதன் 8 இலக்க எண்ணை 11,000 முயற்சிகளுக்குள் கண்டறியலாம் என்பது 2011-இல் வெளிப்பட்டது. வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதியையும் மூடுக.

8. பெட்டியின் நிரலைப் புதுப்பிக்கும் பகுதியில், தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்க.

9. உறவினர்க்கும் விருந்தினர்க்கும் 'கெஸ்ட்' என்னும் தனி இணைப்பை ஏற்படுத்துக. விருந்தோம்பல் குறையாது, வீட்டின் சாவியும் கைமாறாது.

மின்சாரம் நின்றால்

பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்னோட்டம் வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசியது. ஒளியிழை மின்சாரத்தைச் சுமப்பதில்லை. தனித்து வாழும் முதியோர் இல்லங்களில் இதனை மறத்தலாகாது. ரூட்டருக்கென விற்கும் சிறு யு.பி.எஸ். கருவியை வாங்கி, ஓ.என்.டி.யையும் அதனோடு இணைத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் இணைத்தால் பயனில்லை. இரண்டின் வோல்ட் அளவையும் ஒப்பிட்டு வாங்குக. 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது கருகிவிடக்கூடும்.

பெற்றோரின் பொறுப்பு

இணையம் கடவுளின் கொடை என 2014-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் போற்றினார். அதன் இடர்களையும் அச்செய்தியிலேயே சுட்டிக்காட்டினார். கொடையைப் பேணுவது பெற்றவர் கடமையன்றோ?

பெரும்பாலான ரூட்டர்களில் 'பேரன்டல் கன்ட்ரோல்' என்னும் பகுதி உண்டு. பிள்ளைகளின் கருவிகளுக்கு இரவு 9 மணிமுதல் காலை வரை இணைப்பை நிறுத்தி வைக்கலாம். 'டி.என்.எஸ்.' என்னும் இடத்தில் 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் இட்டால், தீநிரல் தளங்களும் ஆபாசத் தளங்களும் பெருமளவு தடுக்கப்படும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-ஆம் ஆண்டு முதல் இச்சேவையைக் கட்டணமின்றி வழங்குகிறது. ஆயினும், கைப்பேசியின் சொந்த இணைப்புக்கு மாறினால் இவ்வேலி பயனற்றுப் போகும். எந்த வேலியும் தாய் தந்தையரின் அன்பான உரையாடலுக்கு ஈடாகாது. எதற்காக இக்கட்டுப்பாடு என்று பிள்ளைகளை அமர்த்தி விளக்குவோம். அவ்விதி பெற்றோர்க்கும் உண்டெனக் காட்டுவோம். மாலைச் செபமாலை நேரத்திலும், உணவு வேளையிலும் மூத்தோர் கையிலும் கைப்பேசி இல்லாதிருந்தால், இளையோர்க்கு வேறு போதனை வேண்டா.

இளையோர்க்கு முன்மாதிரியாக ஒருவரையும் திருச்சபை தந்துள்ளது. 2006-இல் 15-ஆம் வயதில் மரித்த கார்லோ அகுதிஸ், கணினியைக் கொண்டு நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகறியச் செய்தவர். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் சிங்கராயர் அவரைப் புனிதராக உயர்த்தினார். கருவியை விட்டு ஓடாமலும், கருவிக்கு அடிமையாகாமலும் வாழ இயலும் என்பதற்கு அவர் சான்று.

பெட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப் பொழுதும், அமைக்க ஒரு மணி நேரமும் போதும். அதனை மகனிடமோ மகளிடமோ ஒப்படைத்துவிட்டு ஒதுங்காமல், குடும்பத்தினர் கூடி அமர்ந்து செய்வோமாக. மேலாளர் கடவுச்சொல் பெற்றோரிடம் இருக்கட்டும். நம் இல்லத்தின் வாயிலில் யார் வருகிறார், யார் போகிறார் என்பதை அறிந்து காப்பது போலவே, கண்ணுக்குப் புலப்படாத இவ்வாயிலையும் விழிப்புடன் காப்போமாக.