சோழமண்டலக் கரையின் நகரங்கள்: எல்லை பற்றிய சில குறிப்புகள்

ஐரோப்பியர் வழங்கிய 'கொரமண்டல்' என்னும் பெயர் சோழமண்டலம் என்பதன் திரிபு என்பதே அறிஞர் பலரும் கொள்ளும் கருத்தாகும். சோழர் காலத்தில் அது தஞ்சையை நடுவமாகக் கொண்ட ஒரு வேளாண் நாட்டைக் குறித்தது. கம்பனிகளின் வழக்கிலோ அதுவே ஒரு கடற்கரையின் பெயராயிற்று. இதனால், தெலுங்கு நாட்டு மசூலிப்பட்டினம் அக்கரையின் தலையாய துறைகளுள் ஒன்றாக எண்ணப்பட, தஞ்சை ஐயத்துக்குரியதாயிற்று. எந்நகரங்கள் இக்கரைக்குரியன என்ற வினாவை இம்முரண்பாட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

கடலோரத்து நகரங்களை மட்டும் எண்ணுவது பொதுவழக்கு. பழவேற்காடு, சென்னை, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகபட்டினம் என அப்பட்டியல் நீளும். தெற்கே கோடிக்கரையுடன் அது நின்றுவிடுவதற்கு இயற்கை மட்டும் காரணமாகாது. ஒல்லாந்தர் தம் சோழமண்டல ஆட்சியை முதலிற் பழவேற்காட்டிலிருந்தும் 1690 முதல் நாகபட்டினத்திலிருந்தும் நடத்தினர். தூத்துக்குடியையோ கொழும்பின் கீழ் வைத்தனர். கம்பனியின் நிருவாகப் பிரிவே பின்னர் புவியியல் எல்லைபோலத் தோற்றமளித்தது.

இக்கரைக்கு உலகப் புகழ் தேடித்தந்தது துணியாகும். தென்கிழக்காசியாவில் வாசனைத் திரவியம் பெறுவதற்கு அத்துணியே கம்பனிகளின் கைமுதலாக விளங்கிற்று. ஆயின், அதனை நெய்தோருட் பலர் கடலோரத்தில் வாழ்ந்தவரல்லர். துறைமுகத்திற் கொடுக்கப்பட்ட முன்பணம் வணிகர் வழியாக உள்நாட்டுத் தறிகளை எட்டியது. நெசவாளன் அம்முன்பணத்தாற் கட்டுண்டான். இவ்வுற்பத்தி உறவை நோக்குமிடத்து, காஞ்சிபுரத்தை ஒதுக்கிவிட்டுச் சென்னையை விளக்குதல் இயலாது. 1734இல் கம்பனி நெசவாளருக்கெனச் சென்னையிலேயே சின்னத்தறிப்பேட்டையை அமைத்தமை, தறியைக் கரைக்கே கொணரும் முயற்சியாகும். பேராசிரியர் சி. அரசரத்தினம் 1986இல் வெளியிட்ட, 1650-1740 காலப்பகுதியின் சோழமண்டல வணிகம் பற்றிய நூல் இத்தொடர்பினை ஆராய்வோர்க்கு இன்றியமையாதது.

இலக்கிய மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் மருவூர்ப்பாக்கம் கடலை அடுத்தது. மீன் விற்போர், உப்பு விற்போர், நெய்வோர், யவனர் ஆகியோர் அங்கு வாழ்ந்தனர். அரசரும் அந்தணரும் பெருவணிகரும் பட்டினப்பாக்கத்தினர். ஒரு நகருக்குள்ளேயே 'கரை' வர்க்க அடிப்படையிற் பிரிந்துகிடந்தது.

இவ்வாறாயின் உள்நாடு முழுவதையும் கரையாக்கிவிடலாமே என்பர் சிலர். அத்தடை நியாயமானதே. ஏற்றுமதிக்கான உற்பத்தியில் ஒரு நகர் எந்த அளவுக்குத் தங்கியிருந்தது என்பதே அளவுகோலாதல் வேண்டும். அதன்படி, காவிரிப் படுகையின் நிலவருவாயால் வாழ்ந்த தஞ்சையைக் கரைநகராகக் கொள்ளமுடியாதென்பதே என் துணிபு. பெயரைத் தந்த நாட்டின் தலைநகர் இவ்வாறு விலக்கப்படுவதைப் பலர் விரும்பார்.

சென்னையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அங்கு இயற்கைத் துறைமுகம் இருந்ததில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகோட்டிகளே அலைகளைக் கடந்து பண்டங்களையும் மனிதரையும் கரைசேர்த்தனர். நகரங்களின் பட்டியலில் சென்னை உண்டு. அப்படகோட்டிகளின் குப்பங்கள் எதுவும் இல்லை.