சொந்த ஊரில் இரண்டு ரக்அத்

கடந்த முறை மூன்று நாள் பயணமாக யாழ்ப்பாணம் போனபோது, விடுதி அறையில் லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுதோம். ஸலாம் கொடுத்ததும் மகள் கேட்டாள்: "வாப்பா, இது எங்கட ஊர்தானே? பிறகேன் பயணத் தொழுகை?" சோனகத் தெருவுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

முஸ்லிம் அல்லாத வாசகர்களுக்காகச் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பயணி தொழுகையைச் சுருக்குவது கஸ்ர். நான்கு ரக்அத் கொண்ட லுஹர், அஸர், இஷா மூன்றும் இரண்டாகும். சுபஹின் இரண்டும் மஃரிபின் மூன்றும் மாறா. குர்ஆனின் 4:101 வசனம் எதிரிகள் பற்றிய அச்சத்தோடு சேர்த்தே இச்சலுகையைப் பேசுகிறது. அச்சம் நீங்கிய பின்னும் இது ஏன் என்று உமர் (ரலி) கேட்டதற்கு, இறைவன் தந்த கொடை, ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) விடை சொன்னார்கள்.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர். அதன்படி பயணம் ஏறத்தாழ 80 கிலோமீற்றராவது இருக்க வேண்டும். ஊர் எல்லை தாண்டிய பிறகே சுருக்கலாம். உள்ளூர் இமாமின் பின்னால் தொழுதால் பயணிக்கும் நான்குதான். அதனால் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு நாங்கள் முழுமையாகவே தொழுதோம்.

சிக்கல் நாட்கணக்கில் வருகிறது. வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள் தங்க எண்ணினால், போய்ச் சேர்ந்ததுமே நீங்கள் அவ்வூர்வாசி. ஹனபிகளுக்கு 15 நாள். எங்களைப் போன்ற கணக்காளர்களுக்கு இது பழகிய வேலைதான். பிரித்தானிய வரித்துறையும் 183 நாள் என்று எண்ணுகிறது. ஆனால் அது இருந்து முடித்த நாளை எண்ணுகிறது. இங்கே முதற் கேள்வி எண்ணத்தைப் பற்றியது.

திரும்பும் நாள் தெரியாதவர்? இன்றோ நாளையோ காரியம் முடியும் என்று காத்திருப்பவருக்கு ஷாபிஈ மத்ஹபில் 18 நாள்வரை சலுகை. ஹனபி மத்ஹபில் அது ஆண்டுக்கணக்கில் நீண்டாலும் சுருக்கலாம். 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி எங்களுக்குக் கட்டளை வந்தது. புத்தளத்தில் கொட்டில் போட்டு இருந்தோம். அடுத்த மாதம் போய்விடலாம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். தொழுததோ நான்கு.

மகளுக்கான விடை மக்காவில் இருக்கிறது. நபி (ஸல்) பிறந்து வளர்ந்த ஊர் அது. 622இல் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து அங்கேயே குடியானார்கள். 630இல் மக்கா வெற்றிக்குப் பின் அங்கு 19 நாள் தங்கியபோது சுருக்கியே தொழுததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்தது புகாரியில் உண்டு. கூடச் சென்ற முஹாஜிர்களுக்கும் மக்கா பிறந்த ஊர்தான், உறவினர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களும் பயணிகளாகவே தொழுதார்கள்.

மகள் விடவில்லை. "அப்ப திரும்பி வந்து இங்கயே இருந்தா?"

அந்த எண்ணத்தோடு வந்து இறங்கினால் முதல் லுஹரே நான்கு என்றோம். எங்கள் பயணச்சீட்டில் திரும்பும் தேதி இருந்தது. அஸரையும் இரண்டாகவே தொழுதோம்.