மீனுக்கு முன்னால் ஃபில்டரை வளர்ப்போம்!



அறிவியல் ஆய்வக வாசலில் இருக்கும் மீன் தொட்டியைப் பார்க்காதவர் நம் பள்ளியில் யாருமே இருக்க முடியாது. இடைவேளை மணி அடித்தால் போதும், அங்கே ஒரு கூட்டம் கூடிவிடும். ஆனால் இதே தொட்டியில் போன ஆகஸ்ட் மாதம் எட்டு கோல்டு ஃபிஷ்களும் ஒரே வாரத்தில் செத்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? அவை ஏன் செத்தன? இப்போது இருக்கும் மீன்கள் ஏன் நன்றாக இருக்கின்றன? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

தொட்டி வந்த அன்றைக்கே குழாய்த் தண்ணீரை நிரப்பி, அன்றைக்கே மீனையும் விட்டோம். இரண்டு நாள் எல்லாம் ஜோராக இருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய கழுநீர் மாதிரி மங்கலானது. நான்காம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு வாரத்தில் தொட்டி காலி.

ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் தினமும் பிஸ்கட் துண்டு போடுவதை நாங்கள் பார்த்திருந்தோம். "உன்னாலதான்டா செத்துச்சு"ன்னு அவனை எல்லோரும் திட்டினோம். அதிகமாகத் திட்டியது நான்தான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

அப்புறம்தான் அறிவியல் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்டார்கள். "தண்ணி ஊத்தி எத்தனை நாள் கழிச்சு மீன் விட்டீங்க? தண்ணி மங்கலானதும் என்ன பண்ணீங்க? ஃபில்டரை யார் கழுவினது, எதுல கழுவினீங்க?"

தண்ணீர் மங்கலானதும் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதுக் குழாய்த் தண்ணீர் ஊற்றியது நான். ஃபில்டரைச் சோப்புப் போட்டு வெள்ளை வெளேர் என்று கழுவியதும் நான்தான். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அடுத்த ஐந்து வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

முதல் எதிரி: குளோரின்

நமக்கு வரும் குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். இந்தியத் தர விதிப்படி குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கோ அந்தத் தண்ணீர் நேராகச் செவுள் வழியாகப் போய் வருகிறது. செவுளின் மெல்லிய தோலைக் குளோரின் அரித்துவிடும். பிறகு மூச்சுத் திணறல்தான்.

இதைப் போக்குவது சுலபம். வாய் அகன்ற பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரைப் பிடித்து, மூடாமல் ஒரு நாள் முழுக்க வையுங்கள். ஏர் பம்பின் காற்றுக்கல்லை உள்ளே போட்டுவிட்டால் குளோரின் இன்னும் வேகமாக வெளியேறும். அவசரம் என்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து இருக்கிறது. முன்பு போட்டோ ஸ்டூடியோவில் பயன்படுத்திய 'ஹைப்போ', அதாவது சோடியம் தயோசல்பேட்தான் அதில் பெரும்பாலும் இருக்கும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலப்பார்கள். அது ஒரு நாள் வைத்தாலும் போகாது, மருந்து விட்டே ஆக வேண்டும்.

போர்வெல் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் பூமிக்கு அடியிலிருந்து வருவதால் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதையும் ஒரு நாள் காற்று விட்டு வைப்பது நல்லது.

கணக்குப் பாடம் கொஞ்சம்

நம் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். 60 × 30 × 30 செ.மீ. என்று வைத்தால் 54,000 கன செ.மீ., அதாவது 54 லிட்டர். மேலே கொஞ்சம் இடம் விட்டு 25 செ.மீ. உயரம் நிரப்பினால் 45 லிட்டர். தண்ணீரின் எடை மட்டுமே 45 கிலோ! அதனால்தான் ஆடாத மேஜை வேண்டும். கண்ணாடியில் விரிசல் விழாமல் இருக்க அடியில் தெர்மாகோல் விரிக்க வேண்டும். லிட்டர் கணக்கு தெரிந்தால்தான் மருந்தையும் அளவாக விட முடியும்.

இரண்டாவது எதிரி: கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா

நாங்கள் குளோரினை மட்டும் போக்கியிருந்தாலும் மீன்கள் பிழைத்திருக்குமா? சந்தேகம்தான். மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றிலும் குளத்திலும் அது பரவிக் கரைந்துபோகும். 45 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? தண்ணீர் பளிங்கு மாதிரித் தெரியும், ஆனால் விஷமாக இருக்கும். தண்ணீரின் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் விஷத் தன்மையுள்ள பகுதி ஏறத்தாழ 10 மடங்கு ஆகிவிடும்.

இதைத் தின்று தீர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று தேர்வில் கேட்பார்களே, அதே நைட்ரஜன் சுழற்சி! நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான். அது மீனின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் தடுத்து, ரத்தத்தையே பழுப்பு நிறமாக்கிவிடும். அடுத்து நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்து இல்லை. வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும்.

இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பான்ஜ், கூழாங்கல், கண்ணாடி என்று எதையாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஸ்பான்ஜில் ஆயிரக்கணக்கான துளைகள் இருப்பதால் அதுதான் அவற்றுக்கு மாடி வீடு. ஏர் பம்ப் தண்ணீரை அதன் வழியே இழுக்கும்போது சாப்பாடும் ஆக்சிஜனும் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஆக, ஃபில்டர் என்பது வெறும் அழுக்கு வடிகட்டி இல்லை. உயிருள்ள ஒரு தொழிற்சாலை! புதுத் தொட்டியில் அது இன்னும் கட்டப்படவே இல்லை. கட்டத் தொடங்கியிருந்த கொஞ்சத்தையும் நான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

உங்களுக்குத் தெரியுமா?

• இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. ஆண்டு 1890.
• மீன் தொட்டியில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். முக்கிய வேலைக்காரர் நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் காட்டப்பட்டது.
• அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகள் 2015-இல் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் சில, மீன் வளர்ப்பு நிலையத்தின் ஃபில்டரிலிருந்து கிடைத்தவை!

இரண்டாம் முறை என்ன செய்தோம்?

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தோம்.

1. தொட்டியையும் கற்களையும் சோப்பு இல்லாமல், கலங்கல் போகும்வரை வெறும் தண்ணீரில் அலசினோம்.

2. ஒரு நாள் ஆற வைத்த தண்ணீரை 45 லிட்டர் நிரப்பினோம். புது ஸ்பான்ஜ் ஃபில்டரை மாட்டினோம். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியில் தொங்க விட்டோம். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது ட்யூப் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பம்புக்குள் போய்விடும்.

3. மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டோம். "மீனே இல்ல, யாருக்குடா சோறு போடுறீங்க?"ன்னு பலர் கிண்டல் செய்தார்கள். அந்தத் தீனி அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சோறு!

4. பம்பை இரவும் பகலும் நிறுத்தவில்லை. சனி, ஞாயிறு வாட்ச்மேன் தாத்தா பார்த்துக்கொண்டார். அவருக்கு நன்றி.

5. டீச்சர் வாங்கித் தந்த சொட்டுச் சோதனைக் கிட்டில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை பார்த்தோம். முதலில் அம்மோனியா ஏறியது. பிறகு அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறியது. ஐந்தாம் வாரம் இரண்டுமே பூஜ்யம், நைட்ரேட் மட்டும் இருந்தது. ஆய்வகத்தில் கை தட்டல்தான்!

பொதுவாக இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் ஸ்பான்ஜில் ஒரு துண்டைக் கொண்டுவந்து போடலாம். பாலில் உறை மோர் விடுவது மாதிரி, வேலை சீக்கிரம் முடியும்.

மீன் விட்ட பிறகு

கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு போடும், பெரிதாகவும் வளரும். எட்டு மீனுக்கு இந்தத் தொட்டி பத்தவே பத்தாது. அதனால் இந்த முறை நான்கு கப்பி மீன்கள் மட்டும். பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, சூடு சமமான பிறகு மெதுவாக விட்டோம். இரண்டு வாரம் கழித்து மேலும் நான்கு.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, ஆற வைத்த தண்ணீர் ஊற்றுகிறோம். ஸ்பான்ஜ் அடைத்துக்கொண்டால், அப்படி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப மாட்டிவிடுவோம். குழாயடிக்குக் கொண்டுபோவதே இல்லை. கரண்ட் ரொம்ப நேரம் போனால், ஒரு மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவோம். மீனுக்கு மட்டுமில்லை, பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும்.

கடைசியாக ஒன்று

பிஸ்கட் போட்டது சரியில்லைதான், அதுவும் அழுகும். ஆனால் ஒரு துண்டு பிஸ்கட்டால் எட்டு மீனும் சாகவில்லை. எங்கள் அவசரத்தாலும் என் சோப்பாலும்தான் செத்தன. அந்த ஆறாம் வகுப்புத் தம்பியின் வகுப்புக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா, இப்ப நான் தீனி போடலாமா?"ன்னு கேட்டான். இப்போது திங்கள், வியாழன் தீனி போடுவது அவன் முறை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் போட வேண்டும் என்பதை என்னைவிடக் கண்டிப்பாகப் பார்க்கிறான்.

நீங்களும் வீட்டில் தொட்டி வைக்கப் போகிறீர்களா? மீன் கடைக்குப் போகும் முன் ஐந்து வாரம் பொறுங்கள். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் ஆய்வக வாசலுக்கு வாருங்கள். பிஸ்கட் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்