மோட்டார் வண்டிச் சாவியும் அதனுள் உறையும் சங்கேதமும்

மோட்டார் வண்டியின் சாவி தொலைந்தால், தெருமுனையில் அமர்ந்திருக்கும் சாவிக்காரரிடம் சென்று, அவர் அரத்தினால் ராவித் தரும் புதுச் சாவியுடன் வீடு திரும்புவது முன்னாள் வழக்கம். இன்றைய வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் அத்தகைய சாவி கதவைத் திறக்கும், எஞ்சினை ஓட்டாது. எஞ்சின் கிளம்பினாலும் ஓரிரு விநாடிகளில் அடங்கிவிடும். ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில் சாவி வடிவமான சிறு விளக்கொன்று மினுக்கிக்கொண்டிருக்கும்.

இதன் காரணத்தை அறிய, சாவி என்று நாம் அழைப்பது உண்மையில் மூன்று சாதனங்களின் சேர்க்கை என்பதை உணர வேண்டும். பூட்டைத் திருப்பும் உலோகத் தகடு ஒன்று. எஞ்சினுக்கு அனுமதி தரும் மின்னணுச் சில்லு மற்றொன்று. கதவைத் தொலைவிலிருந்து திறக்கும் ரிமோட் மூன்றாவது. இவற்றுள் எது பழுதுற்றது என்று அறியாமல் மூன்றுக்குமாகப் பணம் கொடுப்போரே மிகுதி.

சில்லு, நெல்மணியைவிடச் சற்றுப் பெரியது. அதற்கு பாட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில், பெரும்பாலான வண்டிகளில், ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள மாறுமின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் சில்லினுள் உள்ள நுண்ணிய சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831-ல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவமே இது. கம்பியின்றிக் கைபேசிக்கு மின்னேற்றும் தட்டும் இதே தத்துவத்தில் இயங்குவதால், ஆசிரியர்கள் வகுப்பில் இரண்டையும் இணைத்து விளக்கலாம். இவ்வாறு உயிர்பெற்ற சில்லுக்கு வண்டியின் கணினி ஓர் எண்ணை அனுப்பும். தன்னிடமுள்ள இரகசியத்தைக் கொண்டு சில்லு அதற்குரிய விடையைக் கணித்துத் திருப்பும். விடை பொருந்தினால்தான் எஞ்சின் தொடர்ந்து ஓடும். திருட்டைத் தடுக்கும் இந்த ஏற்பாடு ஐரோப்பிய நாடுகளில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது.

செலவின் ஏற்றத்தாழ்வுக்கும் இதுவே காரணம். வேலை செய்யும் சாவி ஒன்று கைவசம் இருக்குமாயின், அதன் துணையால் மற்றொன்றைப் பதிவு செய்வது பெரும்பாலும் எளிது. சில வகைச் சில்லுகளை அப்படியே நகலெடுக்கவும் முடியும். எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டாலோ, தயாரிப்பாளரின் பாதுகாப்பு எண்ணைப் பெற்றுக் கணினியைத் திறக்க வேண்டும். சில வண்டிகளில் உறுப்பையே மாற்ற நேரும். வண்டியை இழுத்துச் செல்லும் கூலியும் சேரும். ஆகவே ஒரு சாவி தொலைந்த மறுநாளே அடுத்ததற்கு ஏற்பாடு செய்வது சிக்கனம். கள அலுவலகங்களிலோ, இரண்டாம் சாவி இருக்குமிடம் பெரும்பாலும் மாற்றலாகிப் போனவருக்கே தெரியும்! சாவியுடன் எண் பொறித்த வில்லை தரப்பட்டிருந்தால், அவ்வெண்ணைக் குறித்து வண்டிக்கு வெளியே பத்திரப்படுத்துதல் நலம்.

ரிமோட் மட்டும் வேலை செய்யாவிடில் முதலில் ஐயுற வேண்டியது பாட்டரியையே. பல ரிமோட்டுகளில் உள்ளது 2032 என்னும் 3 வோல்ட் வில்லை. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதையே அவ்வெண் குறிக்கிறது. ரிமோட் எட்டும் தூரம் நாளுக்கு நாள் குறைவது அது தளர்வதன் அறிகுறி. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் சங்கேதம் மாறுவதால், குழந்தைகள் வண்டிக்கு எட்டாத இடத்தில் பொத்தானைப் பலமுறை அழுத்தி விளையாடினால் இரண்டின் கணக்கும் பிசகக்கூடும். அதைச் சரிசெய்யும் முறை பெரும்பாலும் வண்டியின் கையேட்டிலேயே இருக்கும். பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பும் வண்டிகளில் சாவியின் பாட்டரி தீர்ந்துபோனால், பல மாதிரிகளில் சாவியை அப்பொத்தானின் மேல் வைத்தால் போதும். மின்தூண்டல் அங்கும் கைகொடுக்கிறது. கூடு உடைந்தால் கூட்டை மட்டும் வாங்கலாம். ஆனால் பழைய கூட்டின் மூலையில் தனியே பொருந்தியிருக்கும் சில்லை எடுக்க மறந்து குப்பையில் எறிவோர் பலர்.

அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரேயன்றி, தேர்ந்த சாவித் தொழிலாளரும் ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள சோதனைத் துளையில் கருவியை இணைத்துப் பதிவு செய்கின்றனர்; இவர்களது கூலி பல சமயம் குறைவு. வண்டியின் பதிவுச் சான்றிதழைக் கேட்காமலே வேலையைத் தொடங்குபவர் எவ்வளவு மலிவாயினும் தவிர்க்கத்தக்கவர். நாளை உங்கள் வண்டிக்கும் வேறொருவருக்கு அவ்வாறே சாவி செய்து தரக்கூடும். பழைய சாவிகளை மலிவாக வாங்குவதும் உசிதமன்று. ஒரு வண்டிக்குக் கட்டுப்பட்ட சில்லுகளுள் பல மற்றொன்றை ஏற்பதில்லை. தொலைந்த சாவியை நினைவகத்திலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் எல்லாப் பதிவுகளையும் அழித்து மீண்டும் பதிவு செய்வதே முறையாதலால், மீதமுள்ள சாவிகள் யாவற்றையும் உடன் கொண்டு செல்லுதல் அவசியம். நீக்கப்பட்ட சாவி எஞ்சினைக் கிளப்பாதே தவிர, அதன் தகடு கதவைத் திறக்கும். விலையுயர்ந்த பொருள்களை வண்டியில் விட்டுச் செல்பவர் பூட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வண்டி களவுபோனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கக் கேட்கின்றன. ஒன்று முன்பே தொலைந்திருந்து அதற்குச் சான்று இல்லையெனில் இழப்பீடு சிக்கலாகும். எனவே சாவி தொலைந்த உடனேயே போலீசுக்கும் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். கூடுதல் பிரீமியம் பெற்றுச் சாவிச் செலவையும் ஏற்கும் பாலிசிகள் உண்டு. அவற்றின் கீழ் பணம் கோரவும் பெரும்பாலும் இப்புகாரின் நகல் தேவைப்படும்.