பெருமூளைப் புறணி ஏன் பல பகுதிகளாகப் பிரிகிறது?

பெருமூளையின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும், 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள சாம்பல்நிற நரம்புச் செல் படலமே புறணி எனப்படுகிறது. மயிலாப்பூர் சபாவில் கச்சேரி கேட்கும் ரசிகரிடம், பாடகரின் குரலைக் காதருகே உள்ள பொட்டு மடலும், மேடைக் காட்சியைப் பின்தலையிலுள்ள பிடரி மடலும் பகுத்தறிய, தாளம் போடும் வலக்கையை நெற்றி மடலின் பின்விளிம்பிலுள்ள இடப்பக்க இயக்கப் புறணி ஆட்டுவிக்கிறது. கை தொடையில் படும் உணர்வோ அதற்கு அடுத்துள்ள உச்சி மடலில் பதிவாகிறது.

இந்த வேலைப் பிரிவினைக்கு அடிப்படை எது? புறணியின் பெரும்பகுதி ஆறு அடுக்குகளால் ஆனது எனினும், அவற்றின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. கண்ணின் செய்தி வந்து சேரும் பார்வைப் புறணியில், வரவைப் பெறும் நான்காம் அடுக்கு தடித்திருக்க, தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்பும் இயக்கப் புறணியில் ஐந்தாம் அடுக்கின் பிரமிடு வடிவச் செல்கள் பெருத்திருக்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டே ஜெர்மானியரான பிராட்மன் 1909இல் புறணியை எண்ணிட்டுப் பிரித்தார். அந்த எண்களை மருத்துவ உலகம் இன்றும் கைவிடவில்லை.

அடையாறை அடுத்த சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' என்னும் முப்பரிமாண வரைபடம், முதிர்ந்த மூளையை விடுத்து, கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களிலுள்ள சிசுவின் மூளையை எடுத்துக்கொண்டது. நல்ல தேர்வுதான், ஏனெனில் மடிப்புகள் பெரும்பாலும் தோன்றாத அப்பருவத்தில்தான், மூளையின் உள்ளறைகளை ஒட்டிப் பிறக்கும் நரம்புச் செல்கள் வெளிநோக்கி நகர்ந்து அடுக்குகளாக அமர்கின்றன. மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுக்கப்பட்ட 5,132 வெட்டுப் பரப்புகளைக் கொண்ட இவ்வரைபடத்தை எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம்.